கதவக்கா உட்காரும் விதம்

நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கித் திருப்பித் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார். பாதங்கள் தரையில் அழுந்தியிருக்கும், முதுகு நாற்காலியோடு ஒட்டியிருக்கும், மோவாய் கொஞ்சம் கீழே இறங்கும். கண் திறந்துதான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எதிரே யானையே வந்து நின்றாலும் அவருக்குத் தெரியாது. அரை நிமிடம் போனதும் கைகளை உருவிக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்பார்.

பல் பிடுங்கப் போன இடத்திலும் இப்படித்தான் உட்கார்ந்தார். வங்கியிலும் சினிமாக் கொட்டகையிலும் இப்படித்தான். மகளின் கல்யாணத்தன்று முன்வரிசையில் இந்தக் கோலத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பெண்ணே எழுந்து வந்து, "அம்மா, கையை எடும்மா, போட்டோ எடுக்கறாங்க" என்று காதோடு சொன்னாள். "இருடி, சமையல் பக்கம் ஒரு வழி இருக்கா இல்லையான்னு தெரியலை" என்று பதில் வந்தது. கல்யாண ஆல்பத்தில் அம்மா கையே இல்லாத அம்மாவாகத்தான் இருக்கிறார்.

இது பைத்தியம் இல்லை, தொழில். விமானப் பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் இதைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். விமானம் ஓடத் தொடங்கும்போது கதவுக்குப் பக்கத்து மடக்கு இருக்கையில் வார் பூட்டி உட்கார்ந்து, கைகளை அப்படி வைத்துக்கொண்டு, வாய் பேசாமல் மனத்துக்குள் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். என் கதவு எது? அது திறக்காவிட்டால் அடுத்தது எது? எனக்கு யார் கை கொடுப்பார்கள்? நான் யாருக்குக் கை கொடுக்க வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான், நீங்கள் விமானத்துக்குள் வரும்போது வாசலில் நின்று வணக்கம் சொல்கிறவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். நீங்கள் வேறு ஏதாவது நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள், உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் பார்த்தார்.

இந்த நோய் எங்கள் எல்லோருக்கும் உண்டு. எந்த அறைக்குள் போனாலும் கண் தானாக வாசல்களைத் தேடும், தடுமாறி நடக்கிறவர் யார் என்று தேடும். ஆனால் நாங்கள் சீருடையைக் கழற்றும்போது அதில் பாதியையாவது கழற்றி வைத்துவிடுகிறோம். இவர் எதையும் கழற்றுவதில்லை. அதனால்தான் கதவக்கா என்று பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆள் குள்ளம். மேல்தட்டுப் பெட்டிகளை மூடக் குதிகாலை உயர்த்தி உயர்த்தியே கெண்டைக்கால் கருங்கல்லாகிவிட்டது. தலைமுடியை இறுக்க வாரிக் கொண்டை போட்டிருப்பார். அந்தக் கொண்டையில் எந்நேரமும் ஒரு பேனா இருக்கும், ஆனால் பேனாவைக் காணோம் என்று தேடிக்கொண்டும் இருப்பார். பலசரக்குக் கடையில் தள்ளுவண்டியை நிறுத்தினால் கால் தானாகப் போய் அதன் பிரேக்கைத் தேடும். பிரேக் இல்லாத வண்டி என்றால் அதன் சக்கரத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு பருப்பு எடுக்கப் போவார். வீட்டில் அலமாரியைச் சாத்தினால் கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். கேட்டால், "பூட்டிட்டேன்னு நினைக்கறது வேற, பூட்டினது வேற" என்பார்.

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாழ்நாளில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாதவர். "இவளே வீட்ல எனக்கு அவசர வழி காட்டிட்டுத்தான் தூங்கறா. இதுக்கு மேல எதுக்கு நான் டிக்கெட் வேற எடுக்கணும்" என்பார். மனைவியைப் பற்றிக் குறை சொல்வதுபோல் ஆரம்பித்துப் பெருமையில் கொண்டுபோய் முடிக்கிற ரகம் அவர். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் கண்ணில் இருக்கிற கண்ணாடி அவர் கடையில் செய்ததுதான்.

சங்கம் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, விஷயத்துக்கு வருகிறேன். விமானப் பணியாளர் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் கதவக்கா பல வருஷமாக இருக்கிறார். சில வருஷங்களுக்கு ஒரு முறை பழைய ஒப்பந்தம் முடியும். அப்போது நிர்வாகம் மேசைக்கு அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் உட்கார்ந்து, அடுத்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று பேசித் தீர்க்க வேண்டும். சம்பளம், ஓய்வு நேரம், தங்கும் அறை, காலணிவரை எல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகும். கதவக்கா அங்கே குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "கத்தறதுக்குன்னு ஒரு நாள் இருக்கு. அந்தத் தொண்டையை மேசையில செலவு பண்ணக் கூடாது" என்பது அவர் கட்சி.

அவர் பெரிய பேரக்காரி என்று பெயர் வாங்கியதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அப்போது குழுவுக்கு அவர் புதிது. நான் வேலைக்கே சேரவில்லை. நிர்வாகத்தின் சார்பில் பேசியவரை எங்கள் ஆட்கள் கோட்டுக்காரர் என்பார்கள். அறையில் குளிர்சாதனம் படுத்துவிட்டதால் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்த நாளிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். அன்று பேச்சு, நோயாலோ அடிபட்டோ பறக்க முடியாமல் போகிறவர்களைப் பற்றி. அதுவரை அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கடிதமும் ஒரு கைகுலுக்கலும்தான். அவர்களுக்குத் தரையில் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள் என்பது சங்கத்தின் கோரிக்கை.

தேநீர் இடைவேளை முடிந்து எல்லோரும் அறைக்குத் திரும்பினார்கள். கதவக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் தொடைக்கு அடியில் போயின. அந்தச் சமயம் பார்த்துக் கோட்டுக்காரர், "மூணு மாசம் தரைப்பணி தர்றோம்" என்றார். கதவக்காவிடமிருந்து பதில் இல்லை. வைத்த கண் வாங்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஒரு வருஷம்" என்றார். அதற்கும் அசைவில்லை. பிறகு கதவக்கா கைகளை உருவிக்கொண்டு, நிஜமாகவே காதில் விழாததால், "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டார். கோட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிம்மா. ஓய்வு பெறுற வரைக்கும், அதே சம்பளத்துல. போதுமா?" என்று பேனாவை மேசைமேல் போட்டுவிட்டார்.

எங்கள் ஒப்பந்தத்தில் தரை விதி வந்த வரலாறு இதுதான். பக்கத்தில் இருந்த குழுவினர் வெளியே வந்து, "என்ன நெஞ்சழுத்தம், என்ன நெஞ்சழுத்தம்" என்று ஆளாளுக்குப் பாராட்டினார்களாம். "நான் எங்கடி பேரம் பேசினேன்? அந்த ஜன்னல் கண்ணாடியை நாற்காலியால உடைக்க முடியுமான்னு பாத்துட்டிருந்தேன்" என்று கதவக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டுமா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் சங்கத்தின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தே சொல்லிவிட்டார். அது ஊர் சுற்றிக் கோட்டுக்காரர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தரை விதி என்றாலே செருப்புக்குள் கல் போலத்தான்.

எனக்கு அந்த விதி என்ன என்று தெரிந்த நாளைச் சொல்கிறேன். தரையிறங்குவதற்குச் சற்று முன் விமானம் காற்றில் குலுங்கித் திடீரென்று சில அடி கீழே இறங்கியது. நானும் உணவுத் தள்ளுவண்டியும் கூரைக்குப் போனோம். திரும்பி வரும்போது நான் முதலில் வந்தேன், வண்டி என்மேல் வந்தது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அறுவை முடிந்து கண் விழித்தபோது மருத்துவர் மிகவும் நல்ல விதமாக, நடக்கலாம், கோல் ஊன்றி நடக்கலாம், பறக்கிற வேலை மட்டும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறவள். அம்மாவுக்கு மருந்து, தம்பிக்குப் படிப்பு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல், மல்லாந்து கிடந்தபடியே அழுதுகொண்டிருந்தேன்.

கதவக்கா சீருடையோடு உள்ளே வந்தார். முதலில் அறைக்கு எத்தனை வழி என்று பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "உனக்கு வேலை இருக்கு. ஒப்பந்தத்துல இருக்கு. யாரும் தொட முடியாது. நீ தூங்கு" என்றார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் தூக்கம் அது. என் அம்மா இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசும்போது பெயரையும் சொல்வதில்லை, பட்டப்பெயரையும் சொல்வதில்லை. "அந்தத் தூங்குன்னு சொன்ன பொண்ணு" என்றுதான் சொல்வாள்.

இப்போது நான் பணி நேரம் போடும் பிரிவில் இருக்கிறேன். யார் எந்த விமானத்தில் எந்த ஊருக்குப் போவது என்று போடுகிற மேசை. எல்லோரும் என்னைத் திட்டுவார்கள், அதில் ஒரு சுகம் இருக்கிறது. தரையிலேயே இருப்பதால் சங்கத்துக்கு எப்போதும் கையில் கிடைக்கிறவளும் நான்தான். அதனால் பேச்சுவார்த்தையில் குறிப்பெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கதவக்காவை அருகிலிருந்து பார்த்து எழுத எனக்கு வாய்த்தது அப்படித்தான்.

இந்த வருஷப் பேச்சுவார்த்தைக்கு வருவோம். கோட்டுக்காரர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார், கோட்டும் உயர்ந்த துணியில் இருக்கிறது. முதல் நாளே அவர் ஒரு சம்பள உயர்வைச் சொன்னார். சங்கம் இதுவரை கனவில்கூடக் கேட்டிராத உயர்வு. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவர் மெதுவாக, "பதிலுக்கு அந்தத் தரை விதியை எடுத்துடலாம். யாரும் அதிகமா பயன்படுத்தாத விதி. ஏற்கனவே அதுல இருக்கறவங்களுக்கு நல்ல தொகை கொடுத்து அனுப்பிடறோம்" என்றார். ஏற்கனவே அதில் இருக்கிறவள் ஒருத்தி எதிரே குறிப்பெடுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அதையும் எழுதிக்கொண்டேன்.

விஷயம் வெளியே போனதும் சங்கம் இரண்டாகிவிட்டது. அதில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். வாடகை ஏறுகிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், எத்தனையோ வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று குழு மட்டும் முடிவு செய்ய முடியாது, உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். அதற்காக ஒரு பூப்பந்து விளையாட்டரங்கை வாடகைக்கு எடுத்தோம். தரையில் கோடு போட்டிருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வேலையிலிருந்து நேராக வந்தவர்கள் சக்கரப் பெட்டிகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து கோலை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது யார் கண்ணிலும் படவேண்டாம் என்றிருந்தது.

முதலில் எழுந்தது புதுமாப்பிள்ளை. கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது, ஆனாலும் அந்தப் பட்டப்பெயர் அவனை விடவில்லை. நல்ல பையன். என் மேசைக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு தேநீரும் சேர்த்து வாங்கி வருகிறவன்.

"அக்கா, மரியாதைக் குறைவா பேசறேன்னு நினைக்காதீங்க" என்று கதவக்காவைப் பார்த்து ஆரம்பித்தான். "இந்த விதியில எத்தனை பேர் இருக்காங்க? ஒரு கை விரல்ல அடங்கிடுவாங்க. அவங்களையும் சும்மா அனுப்பலை, தொகை கொடுக்கறாங்க. இந்த அரங்கம் முழுக்க இருக்கறவங்களுக்கு நல்ல காலம் வர்றப்போ, அந்தச் சில பேருக்காக நாங்க எல்லாரும் வேண்டாம்னு சொல்லணுமா? எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா கேக்காம இருக்க முடியலை."

பலர் கைதட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நானே எழுந்து, விட்டுவிடுங்கள், நான் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுதான் தோன்றியது. எழுந்திருக்கக் கோல் வேண்டும், கோலை எடுக்கக் குனிய வேண்டும், அதற்குள் மனசு மாறிவிட்டது.

மேடை மாதிரி போட்டிருந்த மரப்பலகையில் கதவக்கா உட்கார்ந்திருந்தார். கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. அவன் பேசியது அவர் காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கைதட்டல் அடங்கியது. யாரோ இருமினார்கள். அவர் கைகளை உருவிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார்.

வேறு எந்தச் சங்கத்திலாவது இதைச் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கேள்வி வரும். எங்கள் ஆட்கள் கட்டளைக் குரலுக்குப் பழகியவர்கள், மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை. அது என் குணம்.

"இந்த அரங்கத்துக்கு வழி எங்கெங்க இருக்கு? கையை நீட்டிக் காட்டுங்க."

அத்தனை கைகளும் உயர்ந்தன. ஒரு கூட்டம் பின்வாசலைக் காட்டியது, ஒரு கூட்டம் பக்கவாட்டுக் கதவைக் காட்டியது. வலை சுருட்டி வைத்திருந்த மூலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருந்தது. அது எனக்கே தெரிந்திருந்தது, அதையும் பலர் காட்டினார்கள். யாரும் யோசிக்கவில்லை. கண்ணை மூடியபடியே சிலர் சிரித்தார்கள்.

"சரி. கையை இறக்காதீங்க. இப்ப புகை வருது. கண்ணு தெரியலை. நீங்க முதல்ல யாரைத் தேடிப் போவீங்க? அந்தப் பக்கம் காட்டுங்க."

சிரிப்பு நின்றது. கைகள் திரும்பின. சுவரோரம் பெட்டிகளுக்குப் பக்கத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கம் நிறையக் கைகள் போயின. முழங்காலில் கட்டுப் போட்டிருந்த மூத்த பணியாளர் ஒருவர் பக்கம் சில கைகள் போயின. மீதிக் கைகள் எல்லாம் மூன்றாம் வரிசை ஓரத்துக்கு வந்தன. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, எதிர்ச் சுவர்ப் பக்கத்திலிருந்தும் என்னை நோக்கி நீண்டிருந்தன. ஒளித்து வைத்த கோலை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேனே, உள்ளே வரும்போதே எல்லோரும் பார்த்து வைத்திருக்கிறார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் புதுமாப்பிள்ளையின் கையும் நேராக என் முகத்துக்கு எதிரே நின்றது. அப்போது அந்தக் கைகளைப் பார்த்தவர்கள் கதவக்காவும் நானும்தான்.

"இப்ப கண்ணைத் திறங்க. கை அங்கேயே இருக்கட்டும்."

திறந்தார்கள். தங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவரின் கையையும் பார்த்தார்கள். கர்ப்பிணிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் யாரையும் பாத்து வைக்கச் சொல்லலை. நீங்களாத்தான் பாத்து வச்சீங்க" என்றார் கதவக்கா. குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இன்னிக்கு ஒரு கை விரல்தான். ஆனா நாளைக்கு யாருன்னு தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விமானத்துக்கும் தெரியாது. நாம இப்ப கை காட்டினோமே, இதைத்தான் அவங்க விலைக்குக் கேக்கறாங்க. எனக்கு விக்கத் தெரியலை. நீங்க ஓட்டுப் போடுங்க. எப்படிப் போட்டாலும் நான் அதையே மேசையில சொல்றேன்."

ஓட்டுப் போட்டார்கள். தரை விதியை விடுவதில்லை, அதற்காக வேலைநிறுத்தம் வரை போகலாம் என்று தீர்மானம் ஆயிற்று. எதிர்த்தும் ஓட்டு விழுந்தது, அதை மறைக்க மாட்டேன். வெளியே போகும்போது புதுமாப்பிள்ளை என்னிடம் வந்து என் நாற்காலிக்கு அடியில் குனிந்து கோலை எடுத்துக் கொடுத்தான். "கை தானா போயிடுச்சுக்கா" என்றான்.

கடைசி நாள் மேசையில் கோட்டுக்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். விடுமுறைக் காலம் தொடங்க இருந்தது. ஒரு விமானமும் காலியாகப் போகாத காலம், வேலைநிறுத்தம் என்றால் நிர்வாகத்துக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் சங்கம் அவ்வளவு தூரம் போகாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கதவக்கா வந்து உட்கார்ந்தார், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தார். கோட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தம் பக்கத்து ஆட்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"நீங்க நிதானமா எண்ணி முடிங்கம்மா. இந்தத் தடவை நான் ஒண்ணும் பேசறதா இல்லை" என்றார்.

அவர் ஆட்கள் சிரித்தார்கள். கதவக்காவுக்கு அது கேட்டிருக்காது. அரை நிமிடம் போனதும் கைகளை உருவிக்கொண்டார்.

"முடிஞ்சுதா? எத்தனை கதவு?" என்று கேட்டார் கோட்டுக்காரர்.

"ரெண்டு சார். ஒண்ணு உங்களுக்குப் பின்னால, ஒண்ணு எங்களுக்குப் பின்னால." கதவக்கா கொண்டையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகிக் கைப்பைக்குள் போட்டார். அந்தப் பேனா கொண்டையை விட்டு வந்து நான் பார்த்ததே இல்லை. "எங்க ஆளுங்க எங்க கதவைப் பாத்துட்டாங்க. ஓட்டுப் போட்டுட்டாங்க. தரை விதியோட ஒப்பந்தம்னா உக்காந்து பேசலாம். இல்லைன்னா நாங்க எழுந்துக்கறோம். கோவத்துல சொல்லலை சார், உள்ளதைச் சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேனாவை மூடினார்கள். நானும் மூடிவிட்டேன். அதனால் அடுத்த சில நிமிடங்களுக்கு என்னிடம் குறிப்பு இல்லை.

கோட்டுக்காரர் சிரிப்பை முகத்திலேயே விட்டுவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். கடைசியில் அவர் பார்வை என் கோலில் வந்து நின்றது. "கொஞ்சம் இருங்க" என்று தொலைபேசியை எடுத்துக்கொண்டு தம் பின்னால் இருந்த கதவு வழியாகப் போனார். நாங்கள் காத்திருந்தோம். தேநீர் வந்து ஆறிப்போனது. திரும்பி வந்தவர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். மேலிடம் ஒப்புக்கொண்டதைச் சொன்னார். சம்பள உயர்வு அவர் முதலில் சொன்ன அளவு இல்லை, ஆனால் சென்ற முறை வாங்கியதை விட நல்லது. தரை விதி இருக்கிற இடத்திலேயே, ஒரு சொல் மாறாமல் இருக்கும். கதவக்கா பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடினார். வழக்கம்போல் கிடைக்கவில்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

என் வேலை எனக்கு இருக்கிறது. இதை எழுதுவதும் பணி நேரம் போடுகிற அந்த மேசையில்தான். அக்காவுக்கு நன்றி சொல்ல ஒரு தடவை முயன்றேன். "சரி சரி, அந்த மதிய விமானத்துக்கு ஆள் போட்டியா இல்லையா" என்று கேட்டுவிட்டார். அதனால் இங்கே அச்சில் சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பத்திரிகையை அவர் படிக்க மாட்டார், ஆனால் அவர் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவார்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையெழுத்தானதும் எல்லோரும் கலகலவென்று வெளியே போய்விட்டார்கள். கதவக்கா போகவில்லை. விமானத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு செய்வதுபோல, மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு நாற்காலியையும் குனிந்து பார்த்தபடி வந்தார். கோட்டுக்காரர் மட்டும் இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். மேலிடத்தில் அவருக்கு என்ன காத்திருந்ததோ.

"வாங்க சார், போகலாம்" என்றார் கதவக்கா.

"நீங்க போங்கம்மா. நான் அப்புறம் வர்றேன்."

"உள்ள ஆள் இருக்கும்போது நான் எப்படி சார் போறது?"

கோட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கத்துக் கதவு வழியாகவே வெளியே நடந்தார். நான் கோலை ஊன்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். ஆபத்தில் பயணிகளைத் தள்ளி வெளியேற்றும்போது நிற்பதுபோலவே கதவக்கா வாசலோரம் ஒதுங்கி நின்று, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைக் கடக்கும்போது இன்னொரு கையை என் முதுகில் வைத்தார். தள்ளவில்லை. என் கால் அடுத்த அடியை எடுத்து வைக்கும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.